இயந்திரத்துக்கு ஒரு பாயிரம்

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையில் இயற்கையான உறவு எதுவும் இல்லை என்று சஸ்யூரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்ட பக்கங்களை அடுக்கினால் ஒரு பீரோ கொள்ளாது. ஆசிரியன் இறந்தான், வாசகன் பிறந்தான் என்று பார்த் 1967இல் சொன்னதை வைத்தும் நிறையவே சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் இன்றைக்கு எழுதப்படும் பிரதிகளை ஆக அதிகமாக வாசித்துக்கொண்டிருக்கும் வாசகன் யார் என்ற கேள்வியை நாம் சரியாகப் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த வாசகன் மனிதன் இல்லை. கூகுள், பிங், யாண்டெக்ஸ் போன்ற தேடுபொறிகள் இரவு பகலாக ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் நிரல் அது. ஒரு பக்கத்தைப் படித்து அது என்ன புரிந்துகொண்டது என்பதை ஒட்டித்தான் மனித வாசகன் நம்மிடம் வந்து சேர்கிறான், அல்லது சேராமலே போய்விடுகிறான்.

இந்த இயந்திர வாசகனுக்கென்று பக்கத்துக்குள் தனியாக எழுதி வைக்கப்படும் ஒரு குறிப்பைப் பற்றியது இக்கட்டுரை. ஆங்கிலத்தில் ஸ்ட்ரக்சர்டு டேட்டா மார்க்கப் என்கிறார்கள். கட்டமைந்த தரவுக் குறியீடு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 'அட, அதெல்லாம் வெப்சைட் போட்டுத் தர்ற பையன் பாத்துக்குவான்' என்று நண்பர்கள் சொல்லக்கூடும். பையன் பார்த்துக்கொள்கிறான் என்பதுதான் பிரச்சினையே. அவன் நிரப்பும் கட்டங்கள் எழுத்தாளரின் பெயர், சாதி, மதம், மொழி, மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு, சில சமயம் ஒருவரின் உயிர்ப் பாதுகாப்பு வரைக்கும் தொடுகின்றன. அந்தப் பையனிடம் அதையெல்லாம் யாரும் சொல்லி வைத்திருப்பதில்லை.

முதலில் மார்க்கப் என்ற சொல். பத்திரிகை நடத்தியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் படியின் ஓரத்தில், இது தலைப்பு, இது தடித்த எழுத்து, இங்கே பத்தி பிரி என்று அச்சுக் கோர்ப்பவருக்காகக் குறி போடுவோம் இல்லையா, அதுதான். அந்தக் குறிகள் அச்சில் வரா. வாசகர் கண்ணில் படாமல் இன்னொருவருக்கு இடப்படும் கட்டளைகள் அவை. வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் என்ற மொழியும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று உலாவிக்குச் சொல்கிறது. பக்கத்தின் உடம்பைப் பற்றிச் சொல்லுமே தவிர உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. 'இது தலைப்பு' என்று சொல்லும். அது ஒரு கதையின் தலைப்பா, கருவாட்டுக் குழம்பின் செய்முறையா, காலமானவர் அறிவிப்பா என்று சொல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு. 'பொன்னகரம்' என்ற சொல்லை இயந்திரம் ஒரு பக்கத்தில் சந்திக்கிறது. 1934இல் 'மணிக்கொடி'யில் வந்த சிறுகதை அது என்று நமக்குச் சட்டென்று தெரியும். மதுரையில் பொன்னகரம் என்ற பெயரில் ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. இயந்திரத்துக்கு எல்லாம் ஒரே எழுத்து வரிசைதான். சரி, கதாசிரியர் பெயரை வைத்துப் பிரித்துவிடலாம் என்று பார்த்தால், 'புதுமைப்பித்தன்' என்ற பெயரில் 1957இல் எம்.ஜி.ஆர். நடித்த ஒரு படம் இருக்கிறது. 'தலைமுறைகள்' கதை இன்னும் வேடிக்கை. நீல. பத்மநாபனின் நாவல் 1968இல் வந்தது. அதே பெயரில் பாலு மகேந்திரா 2013இல் எடுத்த படத்துக்கும் நாவலுக்கும் சம்பந்தம் கிடையாது. நாவலை உண்மையிலேயே அடிப்படையாகக் கொண்டு 2010இல் வந்த படத்தின் பெயரோ 'மகிழ்ச்சி'. பெயர் ஒன்றாக இருக்கும் இடத்தில் உறவு இல்லை. உறவு இருக்கும் இடத்தில் பெயர் வேறு. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு வேலை செய்யும் ஒரு வாசகன் இங்கே தடுமாறத்தான் செய்வான்.

தடுமாறாமல் இருக்க வழி என்ன? பக்கத்தை எழுதுபவரே கூடவே ஒரு சிறு பெட்டியையும் வைத்துவிட வேண்டும். பெட்டிக்குள் இரண்டு இரண்டாகச் சொற்கள், இடப்பக்கம் கேள்வி வலப்பக்கம் பதில் என்கிற மாதிரி. 'பொன்னகரம்' கதைக்கு அந்தப் பெட்டி இப்படி இருக்கும்: வகை என்ற இடத்தில் ஷார்ட்ஸ்டோரி, நேம் என்ற இடத்தில் பொன்னகரம், டேட்பப்ளிஷ்டு என்ற இடத்தில் 1934, இன்லாங்குவேஜ் என்ற இடத்தில் தமிழைக் குறிக்கும் ஈரெழுத்துச் சுருக்கம், இஸ்பார்ட்ஆஃப் என்ற இடத்தில் மணிக்கொடி, ஆதர் என்ற இடத்தில் பெட்டிக்குள் ஒரு பெட்டி. அந்த உள்பெட்டியில், வகை பெர்சன், நேம் புதுமைப்பித்தன், ஆல்டர்நேட்நேம் சொ. விருத்தாசலம், சேம்ஆஸ் என்ற இடத்தில் விக்கிடேட்டாவில் அவருக்கென்று இருக்கும் பக்கத்தின் முகவரி. அவ்வளவுதான் விஷயம். 'மகிழ்ச்சி' படத்தின் பெட்டியில் இஸ்பேஸ்டுஆன் என்று ஒரு வரி போட்டு நீல. பத்மநாபனின் நாவலைக் காட்டிவிட்டால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது.

வலப்பக்கத்தில் தமிழை எழுதலாம். இடப்பக்கம் இருப்பதெல்லாம் ஆங்கிலம், மாற்ற முடியாது. நான் இங்கே தருவது அவற்றின் ஒலி மட்டும்தான். அந்த இடப்பக்கத்துச் சொற்களை வைத்திருக்கும் அகராதியின் பெயர் ஸ்கீமா டாட் ஆர்க். 2011 ஜூன் 2 அன்று கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து அதை வெளியிட்டன. அதே வருடம் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. சந்தையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் கம்பெனிகள் ஒரு சொற்பட்டியலில் மட்டும் கைகோர்த்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். உலகத்தை எப்படிப் பெயரிடுவது என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 2001 மே மாதம் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் ஹென்ட்லர், லாசிலா இருவரோடும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரங்கள் அர்த்தத்தைப் புரிந்துகொண்டு தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு வலை வரப்போகிறது என்பது அதன் சாரம். பெருங்கதையாடல்கள் முடிந்துவிட்டன என்று லியோதார் அறிவித்து இருபது வருடம் கழித்து, உலகம் முழுவதையும் ஒரே தர்க்கத்தில் எழுதிவிடலாம் என்று ஒரு பெருங்கதையாடல் லாபரட்டரியிலிருந்து வருகிறது! அதே வருடம் கோரி டாக்டரோ அதைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதினார். தரவைப் பற்றிய தரவை மனிதர்கள் ஒழுங்காக எழுதவே மாட்டார்கள், பொய் சொல்வார்கள், சோம்பல்படுவார்கள், எந்த வகைமைச் சட்டகமும் நடுநிலையானதில்லை என்றெல்லாம் அதில் சொன்னார். அறிவியல்புனைகதை எழுதுகிற ஆள் அவர். ஃபூக்கோ 'சொற்களும் பொருள்களும்' நூலில் சொன்ன விஷயத்தைக் கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஸ்கீமா டாட் ஆர்க்கை முன்னின்று கட்டியவர் ராமநாதன் குஹா. சென்னை ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். டக்ளஸ் லெனட் 1984இல் தொடங்கிய 'சைக்' என்ற திட்டத்தில் அவரோடு வேலை செய்தார். உலகத்தைப் பற்றிய பொதுப்புத்தி முழுவதையும் கையால் எழுதி எழுதி இயந்திரத்துக்கு ஊட்டிவிடுவது என்ற கிறுக்குத்தனமான, பிரம்மாண்டமான திட்டம் அது. ஒரு சிலர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு தளக்காரரையும் அவரவர் பக்கத்துக்கு எழுத வைத்துவிட்டால் என்ன? ஸ்கீமாவுக்குப் பின்னால் இருக்கும் மாற்றம் இதுதான். உழைப்பு பரவலாக்கப்பட்டது. அகராதி ஒரே இடத்தில் இருந்தது.

இனி நான் எம்.ஏ. தமிழ் படித்த வாசனை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நன்னூல். நூல் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பாயிரம் இருக்க வேண்டும். எத்தனை விரிவான நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் நூலே இல்லை என்கிறார் பவணந்தி. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை என்னென்ன? நூலின் பெயர், அதைச் செய்தவர் பெயர், எந்த நூலின் வழியில் வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு, கேட்டால் என்ன பயன், எவ்விதமாய் யாக்கப்பட்டது என்று எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக்குவோரும் உண்டு. ஸ்கீமாவின் நேம், ஆதர், இஸ்பேஸ்டுஆன், அபவுட், ஆடியன்ஸ் எல்லாம் இங்கே வந்துவிட்டன. 'அன்றே சொன்னான் தமிழன்' என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பஜனையை மேடைக்காரர்களுக்கு விட்டுவிடலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகத்தான் சொல்கிறேன்.

நன்னூலின்படி சிறப்புப் பாயிரத்தை நூல் செய்தவர் எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரை எழுதுகிறவர், இவர்களில் ஒருவர்தான் எழுதலாம். தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பது காரணம். பிரதியைப் பற்றிய தகவலைப் பிரதிக்கு வெளியில் நிற்கும் இன்னொருவர் பொறுப்பேற்றுச் சொல்கிறார். இயந்திரத்துக்கு எழுதும் பாயிரமோ முழுக்க முழுக்கத் தற்புகழ்ச்சி. தளக்காரர் தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான் அது.

விளைவு என்ன ஆயிருக்கும் என்று ஊகிக்கலாம். தொண்ணூறுகளில் பக்கத்தின் தலைப்பகுதியில் 'கீவேர்டு' என்று ஒரு வரி எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. செருப்பு விற்பவரும் சினிமா நடிகை பெயரை அதில் போட்டார். கடைசியில் 2009 செப்டம்பரில், பக்கங்களை வரிசைப்படுத்த அந்த வரியைத் தாங்கள் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. ஸ்கீமா வந்த பிறகும் இதே கூத்துதான். ஓட்டல்காரர் தன் தளத்தில் தனக்குத்தானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்ள, அது தேடல் முடிவில் மின்னியது. 2019 செப்டம்பரில் கூகுள் அதை நிறுத்தியது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே போட்டுக்கொள்ளும் மதிப்பீட்டுக்கு இனி நட்சத்திரம் காட்ட மாட்டோம் என்றது. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய இலக்கணக்காரரின் விதிக்குக் கலிஃபோர்னியாக் கம்பெனி சுற்றிவளைத்து வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு விதியும் உண்டு. பக்கத்தில் வாசகர் கண்ணுக்குத் தெரியாத எதையும் பெட்டிக்குள் எழுதக் கூடாது. ஆரம்பத்தில் இக்குறிகளைப் பக்கத்தின் வாசகத்துக்குள்ளேயே, சொல்லுக்குச் சொல் பொதிந்து வைத்தார்கள். மைக்ரோடேட்டா என்று பெயர். பின்னால் ஜேசன்-எல்டி என்ற முறை வந்தது. 2014 ஜனவரியில் டபிள்யூ3சி அதைத் தரமாக ஏற்றது. இதில் குறிப்பு முழுவதும் பக்கத்தின் ஓரிடத்தில் தனிப் பெட்டியாக ஒதுங்கிவிடுகிறது. எழுதுவது சுலபம், கூகுளும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் அதற்கப்புறம் ஒரு பக்கத்தில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன, மனிதனுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று. இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று யார் பார்ப்பது?

இனி கட்டங்களுக்கு வருவோம். ஸ்கீமாவின் அகராதியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. உச்சியில் இருப்பது 'திங்', பொருள். அதற்குக் கீழே மனிதர், இடம், நிறுவனம், நிகழ்வு, படைப்பு, சரக்கு என்று கிளை பிரிகிறது. நம் இலக்கணத்தில் உயர்திணையும் அஃறிணையும் தலைவாசலிலேயே பிரிந்துவிடும். இங்கே மனிதரும் ஒரு வகைப் பொருள்தான். மனிதர் என்பதற்கு அவர்கள் தந்திருக்கும் விளக்கத்தில் உயிரோடிருப்பவர், இறந்தவர், கற்பனைப் பாத்திரம் எல்லோரோடும் செத்தும் சாகாதவரையும் சேர்த்திருக்கிறார்கள். பேய்க்கும் இடமுண்டு. இந்த நகைச்சுவை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடிக்காத இடங்களுக்குப் போகலாம். மனிதர் வகைக்குள் கிவன்நேம், ஃபேமிலிநேம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவதன் விளக்கத்திலேயே, அமெரிக்காவில் இது ஒருவருடைய கடைசிப் பெயர் என்று சொல்லியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கும் என்ற அனுமானம் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சொ. விருத்தாசலத்துக்கு அங்கே என்ன போடுவது? 'சொ' அப்பாவின் பெயர், சொக்கலிங்கம் பிள்ளை. தளம் போடும் பையன் கட்டம் காலியாக இருக்கிறதே என்று 'பிள்ளை'யைத் தூக்கிப் போட்டால் முடிந்தது கதை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டு, அப்புறம் இரண்டு மூன்று தலைமுறை கஷ்டப்பட்டு உதிர்த்த வாலை, ஒரு காலிக் கட்டம் திரும்ப ஒட்டவைத்துவிடும். தலைப்பெழுத்தாக அப்பா பெயரும் அம்மா பெயரும் வைத்துக்கொண்டவர்கள், ஒற்றைப் பெயரோடு எழுதும் தலித் எழுத்தாளர்கள், ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டவர்கள், எல்லோரும் இந்தக் கட்டத்தின் முன் குறைப்பட்டவர்களாக நிற்கிறார்கள்.

வழிபாட்டிடம் என்ற வகையைப் பாருங்கள். அதன்கீழ் பௌத்தக் கோயில், தேவாலயம், இந்துக் கோயில், மசூதி, யூதர்களின் சினகாக் என்று ஐந்து. தேவாலயத்துக்குள் கத்தோலிக்கருக்குத் தனி உட்பிரிவு உண்டு. சீக்கியரின் குருத்வாராவுக்குத் தனிப்பெயர் இல்லை, தர்காவுக்கு இல்லை. சுடலைமாடனின் பீடம் எதில் சேரும்? ஊர்க்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் அந்த மண் பீடத்தைப் பற்றி ஓர் ஆய்வாளர் பக்கம் போட்டால், அவரது தளத்தின் மென்பொருள் பட்டியலை நீட்டும். அவரும் இருப்பதில் கிட்டத்தில் வருவதைத் தட்டிவிடுவார். நாட்டார் தெய்வங்கள் இந்துக் கடவுள்களா என்று நாம் எத்தனை இதழ்களில் விவாதித்திருக்கிறோம்! ஒரு சொடுக்கில் அந்த விவாதம் முடித்துவைக்கப்படுகிறது. காலனிய சென்சஸ் செய்ததும் இதுதான். 1901இல் ரிஸ்லி சாதிகளை வரிசைப்படுத்த முயன்றபோது, தெளிவின்றிக் கலந்து கிடந்தவை எல்லாம் ஏதாவது ஒரு வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. எந்த வரிசை, எத்தனாவது இடம் என்று மனுப்போட்டு மல்லுக்கட்டுவது அதன் பின்விளைவு.

நிகழ்வுகளில் விற்பனை நிகழ்ச்சிக்கென்றே ஒரு வகை இருக்கிறது. இலக்கியக் கூட்டத்துக்கு உண்டு, சாப்பாட்டுத் திருவிழாவுக்கு உண்டு, மென்பொருள்காரர்களின் ஹாக்கத்தானுக்கும் உண்டு. மறியலுக்கோ வேலைநிறுத்தத்துக்கோ கண்டன ஊர்வலத்துக்கோ கிடையாது. படைப்புகளில் சிறுகதைக்கு உண்டு, நாடகத்துக்கு உண்டு, போஸ்டருக்குக்கூட உண்டு. கவிதைக்குத் தனி வகை இல்லை. பச்சை குத்தும் கடைக்கு இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு சதியாக வாசிப்பது சோம்பேறித்தனம். அகராதியைக் கட்டியவர்கள் யாரும் சுடலைமாடனை ஒழிக்க உட்காரவில்லை. தேடுபொறிக்கு விளம்பரத்தில் காசு. விளம்பரம் வருவது விற்பனையிலிருந்து. ஆகவே கடை, சரக்கு, விலை, ஓட்டல், சினிமா நேரம் இவை முதலில் நுணுக்கமாகப் பெயரிடப்பட்டன. வகைமை என்பது யார் கேள்வி கேட்கிறார் என்பதற்குக் கிடைத்த பதில். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஸ்கீமாவின் விவாதங்கள் வெளிப்படையாக நடக்கின்றன, யாரும் புதிய சொல்லை முன்மொழியலாம், நூலகத்துக்காரர்கள் சேர்ந்து வாதாடி இதழ், தொகுதி, ஆய்வேடு, மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்கு இடம் வாங்கியிருக்கிறார்கள். அந்த விவாதம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நடைமுறையில் தப்பிக்க ஒரு வழி அகராதிக்குள்ளேயே இருக்கிறது. கீழே இருக்கும் நுணுக்கமான வகை பொருந்தாவிட்டால் ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்ளலாம். இந்துக் கோயில் என்று போடாமல் வழிபாட்டிடம் என்று நிறுத்தலாம். மறியலுக்கு வெறும் நிகழ்வு போதும். கவிதைக்குப் படைப்பு என்று போட்டு, ஷான்ரா என்ற கட்டத்தில் 'கவிதை' என்று தமிழிலேயே எழுதலாம். ஃபேமிலிநேம் கட்டத்தைத் தொடவே வேண்டாம். நேம் என்ற ஒற்றைக் கட்டத்தில் முழுப்பெயரையும் அவர் எழுதும்படியே எழுதினால் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. மென்பொருள் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை காட்டினாலும் காட்டிவிட்டுப் போகட்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எழுதினால் கிடைப்பது என்ன? இங்கே பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. குறியீடு போட்டால் பக்கம் முதலிடத்துக்கு வந்துவிடும் என்று சொல்லிக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வாக்குறுதியைக் கூகுள் தரவில்லை. குறியீடு சரியாக இருந்தாலும் அதைக் காட்டியே தீருவோம் என்பதில்லை என்று தன் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. கிடைக்கக்கூடியது தேடல் முடிவில் கொஞ்சம் கூடுதல் இடம். சமையல் குறிப்புக்குப் படம், சரக்குக்கு விலை, நிகழ்ச்சிக்குத் தேதி. ஸ்கீமாவின் அகராதியில் இருப்பது வேறு, அதில் கூகுள் எடுத்துக் காட்டுவது வேறு. ஷார்ட்ஸ்டோரி என்று நாம் போடுவதற்குத் தேடல் பக்கத்தில் எந்த அலங்காரமும் கிடையாது.

அலங்காரம் கிடைத்தவர்களுக்கும் அது நிலையில்லை. பொய்ச்செய்திகளைச் சரிபார்க்கும் பத்திரிகையாளர்களுக்காக க்ளெய்ம்ரெவ்யூ என்று ஒரு வகை இருந்தது. ஒரு கூற்று, அதைச் சொன்னவர், அது உண்மையா பொய்யா என்ற தீர்ப்பு, இவற்றைப் பெட்டியில் எழுதினால் தேடுகிறவர் கண்ணில் முதலிலேயே அந்தத் தீர்ப்பு படும். பல நாடுகளில் சரிபார்ப்புக் குழுக்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு இதை எழுதின. 2025 ஜூனில், தேடல் முடிவுகளை எளிமையாக்குகிறோம் என்று சொல்லிக் கூகுள் அந்தக் காட்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. முன்பே 2023 ஆகஸ்டில் கேள்வி-பதில் காட்சியை அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தது. ஃப்ரீபேஸ் கதை இன்னும் மோசம். தன்னார்வலர்கள் பங்களித்து வளர்த்த அந்தத் தகவல் களஞ்சியத்தை வைத்திருந்த மெட்டாவெப் கம்பெனியை 2010இல் கூகுள் வாங்கியது. 2012 மே மாதம் 'நாலெட்ஜ் கிராஃப்' என்ற தன் அறிவுத் தொகுப்பை வெளியிட்டபோது அதற்கு ஊட்டமாக இருந்தவற்றில் ஒன்று ஃப்ரீபேஸ். 2016இல் ஃப்ரீபேஸை மூடினார்கள். தரவில் ஒரு பகுதி விக்கிடேட்டாவுக்குப் போனது.

அந்த 2012 அறிமுகத்தின்போது அவர்கள் சொன்னது, இனி எழுத்துச் சரங்கள் அல்ல, பொருள்கள் என்பது. தமிழில் பொருள் என்றால் வஸ்து, அர்த்தம், செல்வம் மூன்றும். மொழிபெயர்ப்பில் உண்மை கொஞ்சம் கூடுதலாகவே வெளிவந்துவிடுகிறது. தேடுகிறவர் கேட்ட தேதி, பெயர், விலை எல்லாம் முடிவுப் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் அவர் நம் தளத்துக்கு வரவேண்டிய அவசியமில்லை. 2024 முதல் கூகுள் தானே பதிலைத் தொகுத்து எழுதித் தேடல் பக்கத்தின் தலையில் வைக்கவும் தொடங்கிவிட்டது. அந்தப் பதிலில் இடம்பெறத் தனிக் குறியீடு எதுவும் தேவையில்லை என்றும் சொல்கிறது. இன்னொரு பக்கம், மைக்ரோசாஃப்டுக்குப் போன அதே குஹா 2025 மே மாதம் என்எல்வெப் என்ற ஒன்றை அறிமுகம் செய்தார். தளங்கள் ஏற்கனவே எழுதி வைத்திருக்கும் ஸ்கீமா பெட்டிகளை எடுத்து, தளத்தோடு உரையாடல் நடத்தும் வசதியைத் தளக்காரரே செய்துகொள்ளலாம் என்பது அதன் யோசனை. ஆக, பெட்டிக்குள் எழுதியது வீண் என்று சொல்வதற்கில்லை. யார் எடுத்து எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது எழுதியவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் நாம் ஏன் எழுத வேண்டும்? எழுதாவிட்டால் வேறு ஒருவர் எழுதுவார் என்பதால். புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமையாயின. யாரும் வெளியிடலாம், நல்லதுதான். 'பொன்னகர'த்தைப் பக்கமாகப் போட்டுப் பெட்டியில் ஆதர் என்ற இடத்தில் தன் தளத்தின் பெயரைப் போட்டுக்கொள்பவரையும் யாரும் தடுக்க முடியாது. மூலப் பத்திரிகை, வெளிவந்த வருடம், திருத்தப்பட்ட பாடமா இல்லையா என்பதெல்லாம் கவனமாகப் பதிப்பித்தவரின் பக்கத்தில் இருக்கும், ஆனால் பெட்டியில் இருக்காது. பழைய சிறுபத்திரிகைகளை ஸ்கேன் செய்து தளமேற்றும் நண்பர்கள் பலர் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் வெறும் படம். இயந்திரத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்பது தெளிவில்லை. இதழின் பெயர், இதழ் எண், மாதம், அந்த இதழில் எழுதியவர்கள், கட்டுரைத் தலைப்புகள் இவற்றைத் தட்டச்சிட்டுப் பக்கத்திலும் பெட்டியிலும் வைத்தால் ஓர் அட்டவணை உருவாகிவிடும். ஒரு இதழுக்கு ஒரு மணி நேர வேலை.

எல்லாவற்றையும்விட மொழிபெயர்ப்பாளர் விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ட்ரான்ஸ்லேட்டர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எந்த மூலத்தின் மொழிபெயர்ப்பு என்று சொல்லவும் ட்ரான்ஸ்லேஷன்ஆஃப்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. நம் தளங்களில் இவற்றை நிரப்பியவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். ரஷ்ய நாவல் ஒன்றின் தமிழ்ப் பிரதிக்குப் பக்கம் போடும்போது ஆதர் கட்டத்தில் மூல ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறோம். புத்தக அட்டையில் சின்ன எழுத்திலாவது இருந்த பெயர் இங்கே அதுவும் இல்லாமல் போகிறது.

கடைசியாக, சேம்ஆஸ், ஆல்டர்நேட்நேம் என்ற இரண்டு கட்டங்கள். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவருடையதே என்று சாட்சி சொல்லும் கட்டங்கள் இவை. இறந்துபோனவர்களைப் பொறுத்தவரை ரொம்ப உபயோகம். சொ.வி., ரசமட்டம், வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை எல்லாம் புதுமைப்பித்தன்தான் என்று இயந்திரத்துக்குச் சொல்லிவைத்தால் ஆய்வு மாணவர் ஒருவருக்கு ஒரு மாத அலைச்சல் மிச்சம். ஆங்கிலத்தில் அவர் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், அத்தனையையும் ஆல்டர்நேட்நேமில் போட்டுவிடலாம்.

உயிரோடிருப்பவர்கள் விஷயம் வேறு. புனைபெயரில் எழுதுபவர் அதை அழகுக்காக மட்டும் வைத்துக்கொள்வதில்லை. அரசு வேலையில் இருப்பதால், சாதி தெரிந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது என்பதால், கணவர் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதால், இயக்கத்திலிருந்து விலகி உயிர் பிழைத்து இன்னொரு நாட்டில் இருப்பதால் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. போர்க்காலத்தில் ஈழத்திலிருந்து எழுதியவர்கள் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களில் எழுதினார்கள். நட்பு வட்டத்துக்கு 'இன்னார்தான் அது' என்று தெரிந்திருக்கும். அந்தத் தெரிதல் வாய்வார்த்தையாகவே இருந்தது, அதனால் காப்பாற்றவும் செய்தது. நல்லெண்ணத்தோடு ஒரு தொகுப்பாளர் அதைச் சேம்ஆஸ் கட்டத்தில் எழுதிவிட்டால், போலீஸ்காரரோ ஊர்க்காரரோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய உறவைத் தேடுபொறி கையில் கொடுத்துவிடும். பிறகு தளத்திலிருந்து அந்த வரியை அழித்தாலும் பிரயோசனமில்லை, அதற்குள் அது பல இடங்களில் படியெடுக்கப்பட்டிருக்கும். பத்திரிகையின் தளத்தில் இந்த இரண்டு கட்டங்களை நிரப்புவதற்கு முன் எழுதியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். போனை எடுக்கவில்லையென்றால் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.